கர்னலுக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள்?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு காவலாளி நிறுவனத்தின் அலுவலகத்தில் எனக்கு வேலை. செம்பனை ஆலை, பள்ளிக்கூடம், கடைவரிசை என்று பல இடங்களுக்கும் ஜாகா, அதாவது காவலாளி, அனுப்புவோம். யாருக்கு இரவு, யாருக்குப் பகல், யார் சொல்லாமல் நின்றுவிட்டார் என்று பார்ப்பதும், மாதக் கடைசியில் சம்பளம் போடுவதும் என் பாடு. ஓய்வு நேரத்தில் கொஞ்சம் எழுதுவேன். அப்படித்தான் கோலாலம்பூரில் கணினி விளையாட்டு தயாரிக்கும் இளைஞர்கள் சிலர் என்னைப் பிடித்தார்கள். அவர்களுடைய விளையாட்டில் ஒரு தனியார் ராணுவக் கம்பெனி வருகிறது. முழுக்கக் கற்பனை. அதற்கு ஒரு வரலாறு வேண்டுமாம்.

அனுப்பியிருந்த குறிப்பில் எல்லாம் இருந்தது. கழுத்தில் தழும்போடு ஒரு கர்னல், பாலைவனம், ஹெலிகாப்டர், துரோகம். சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்பது மட்டும் இல்லை. கேட்டேன்.

"அது அவ்வளவு முக்கியமாண்ணே?" என்றார் அவர்களில் ஒரு தம்பி.

"அதை முதல்ல சொல்லுங்க தம்பி, மிச்சத்தை நான் எழுதிடுறேன்" என்றேன்.

எங்கள் அலுவலகத்தில் கொஞ்ச நாள் உட்கார்ந்தால் யாருக்கும் இது புரிந்துவிடும். ஆலை வாசலில் நிற்கிறவர் ஆலையின் ஆள் இல்லை. ஆலை எங்களுக்குக் கொடுக்கும், நாங்கள் அவருக்குக் கொடுப்போம். நடுவில் பணம் எங்காவது சிக்கிக்கொண்டால் அது முதலில் தெரிவது பதிவுப் புத்தகத்தில். மணிக்கு ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு 'எல்லாம் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சம்பளம் ஒழுங்காகப் போன மாதத்தில் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு சாய்வில் இருக்கும், ஓரிடத்தில் மழை பட்டு மை பரவியிருக்கும். சம்பளம் இழுத்த மாதத்தில் இரவு முழுவதற்கும் ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. விடியற்காலையில் ஒரே மூச்சில் எழுதியது. நான் எதுவும் கேட்பதில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

முன்மாதிரி தேடி ஆப்பிரிக்காவரை போகவும் தேவைப்படவில்லை. எங்கள் பேராக்கிலேயே ஒன்று இருந்தது. லாருட்டில் ஈயச் சுரங்கங்களுக்காக கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீனக் கூட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்த காலம். அந்த வட்டாரத்து மந்திரி ஙா இப்ராஹிம், 1873இல் பினாங்கு போலீஸ் அதிகாரியாக இருந்த கேப்டன் ஸ்பீடியைத் தன் பக்கம் இழுத்தார். ஸ்பீடி வேலையை விட்டுவிட்டு இந்தியாவுக்குப் போய், சீக்கியர்கள், பட்டாணியர்கள் என்று நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கூலிக்குச் சேர்த்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். மறு ஆண்டு பங்கோர் ஒப்பந்தம். ஆங்கிலேயர் உள்ளே வந்ததும் அதே ஸ்பீடி உதவி ரெசிடென்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி ஆனார். அவர் கொண்டுவந்த படை பேராக் ஆயுதப் போலீஸ் ஆகி, பிறகு பேராக் சீக்கியர் படை ஆகி, 1896இல் மலாய் மாநில கைட்ஸ் என்ற முறையான ரெஜிமென்ட் ஆகிவிட்டது. 1919இல்தான் அதைக் கலைத்தார்கள். கூலி கொடுத்த கை மாற மாற, தொப்பியும் பெயரும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. என் கற்பனைக் கம்பெனியின் முதல் இருபது ஆண்டுகளுக்கு இது போதுமானதாக இருந்தது.

இன்னும் பின்னால் போனால் கிழக்கிந்தியக் கம்பெனி. அதுவும் பங்குதாரர்களின் கம்பெனிதானே. 1806இல் வேலூரில் தலைப்பாகைக்காக வெடித்த அதே மதராஸ் படையிலிருந்து சிப்பாய்கள் 1831-32இல் மலாக்காவுக்குப் பக்கத்து நானிங்கில் வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். நம் ஆட்கள் இந்த மண்ணுக்கு ரப்பர் பால்வாளியோடுதான் முதலில் வந்தார்கள் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். நானிங் பகுதியை அந்தத் தம்பி வெட்டிவிட்டார், அது வேறு விஷயம்.

எங்கள் ஊரில் துப்பாக்கிக் காவல் என்றால், கம்யூனிஸ்டுகளோடு ஆங்கிலேயர் மோதிய அவசரகாலம்தான். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்புறம் தோட்டந்தோறும் முள்கம்பி, ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். அவர்கள் போலீஸ் படையைச் சேர்ந்தவர்கள், கம்பெனி ஆட்கள் இல்லை. ஆனால் காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகிறவர்களைத் தோட்ட வாசலில் நிறுத்திச் சோதித்த கதை இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. அதை எடுத்து என் கம்பெனி காவல் காக்கும் சுரங்க வாசலில் வைத்தேன். வரிசையில் ஒரு பெண். அவள் சோற்றுச் சட்டியைத் திறந்து, கரண்டியால் கிளறிப் பார்க்கிறான் ஒரு காவலன். "இதுல சண்டையே இல்லையேண்ணே" என்றார் தம்பி. சரி, சண்டை பின்னால் வரும் என்றேன்.

சண்டையே நடக்காமல் பணம் கைமாறிய கதையும் உண்டு. 1997இல் பப்புவா நியூ கினி அரசு, போகன்வில் தீவுக் கிளர்ச்சியை அடக்கவும் அங்குள்ள செம்புச் சுரங்கத்தை மீட்கவும் சாண்ட்லைன் என்ற தனியார் ராணுவ நிறுவனத்தோடு 36 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. பாதிப் பணம் முன்கூட்டியே போய்விட்டது. நாட்டின் சொந்த ராணுவமே கொதித்துப்போய், வந்தவர்களைப் பிடித்து வெளியேற்றியது. பிரதமர் ஜூலியஸ் சான் பதவியிலிருந்து ஒதுங்க வேண்டியதாயிற்று. சாண்ட்லைன் விடவில்லை, மிச்சப் பணத்துக்கு நடுவர் மன்றம் போய் ஜெயித்தது. இதைப் படித்தபோது எங்கள் முதலாளிக்கு இப்படி ஒரு வக்கீல் கிடைத்தால் வசூல் எவ்வளவு சுலபம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கம்பெனி பெயர் மாற்றுவதை மட்டும் நான் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. 2007இல் பாக்தாத்தின் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் என்ற அமெரிக்கத் தனியார் காவல் நிறுவனத்தின் ஆட்கள் சுட்டு 17 பேர் இறந்த பிறகு, அந்த நிறுவனம் 2009இல் ஸீ ஆனது, 2011இல் அகாடமி ஆனது. நானும் என் கம்பெனிக்கு இரண்டு தடவை பெயர்ப்பலகை மாற்றினேன்.

கர்னலின் தழும்பை எடுக்க முடியாது என்று பிடிவாதம் பிடித்தார்கள், விட்டுக்கொடுத்தேன். ஆனால் அவர் இப்போது முதல் காட்சியில் வருவதில்லை. அதில் ஒரு கிராணி, அதாவது குமாஸ்தா, மேசையில் குனிந்து, எந்தச் சுரங்கக்காரன் எத்தனை மாதம் பாக்கி என்று பெயருக்கு நேராகக் குறித்துக்கொண்டிருக்கிறார். இரண்டாம் பாகத்துக்கு அவர்களே ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்கள்: பணியில் இறந்தவனின் வீட்டுக்கு என்ன போகும், எத்தனை மாதம் போகும், ஒப்பந்தம் பாதியில் முறிந்தால் அதை யார் கொடுப்பார்கள்? அந்தப் பிரிவைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.