மார்கழி வெந்நீருக்குக் கறுப்புத் தகடும் நெல் உமியும்

வேலூரில் வீட்டைச் சூடாக்க யாரும் செலவு செய்வதில்லை. ஆனால் ஐப்பசி முதல் மாசி வரை குளிக்கும் வெந்நீருக்கு ஆகும் மின்சாரம் சிறியதன்று. மார்கழி விடியலில் எங்கள் மாடித் தொட்டியில் நீர் 22 டிகிரியில் இருக்கிறது. அதை 38 டிகிரிக்குக் கொண்டுவர, 20 லிட்டர் வாளி ஒன்றுக்கு 0.37 யூனிட் வேண்டும். நால்வர் குளிக்கும் வீட்டில் இரண்டு மாதக் கணக்கெடுப்புக்குள் இது ஏறத்தாழ 90 யூனிட் ஆகிவிடும். கீசர் தொட்டியிலிருந்து வீணே கசியும் வெப்பம் இதில் சேரவில்லை. வீட்டு மின்கட்டணம் படிப்படியாக உயர்வதால், மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் மிக அதிக விலையுள்ள மேல்படியிலிருந்தே கழிகிறது என்பதுதான் வெயிலைக் கொண்டே நீரைச் சூடாக்கும் இந்த வேலையில் என்னை இறக்கியது.

சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் மொட்டை மாடியில், நான்கடிக்கு ஐந்தரை அடி மரச்சட்டத்துக்குள் தகடு ஒன்றை வைத்து, அதன்மேல் செம்புக் குழாய்களை இணையாகப் பதித்து, பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம் பூசி, மேலே பழைய ஜன்னல் கண்ணாடியைப் பொருத்தினேன். செம்பும் கண்ணாடியும் காயலான் கடையில் கிடைத்தவை. வேலூர் ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் வெயிலுக்கு ஏற்றவாறு தெற்கு நோக்கி 28 டிகிரி சாய்த்திருக்கிறேன்.

இதில் பம்பு கிடையாது. சூடேறிய நீர் இலேசாகி மேலே செல்ல, குளிர்ந்த நீர் கீழே இறங்கி அதன் இடத்தைப் பிடிக்கிறது. இது தடையின்றி நடக்க வேண்டுமானால், வெந்நீர்க் குழாய் வழி முழுதும் ஏற்றமாகவே செல்ல வேண்டும். ஓரிடத்தில் தாழ்ந்து எழுந்தாலும் அங்கே காற்று அடைத்துக்கொண்டு ஓட்டம் நின்றுவிடும். "சார், ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் கிளாம்பு அடிப்பேன்" என்று பிளம்பர் தம்பி பிடிவாதமாக நின்றது மிகவும் சரி. சாதாரண பிவிசி குழாய் 60 டிகிரியை நெருங்கும்போதே இளகும் என்பதால், இணைப்புகள் அனைத்தும் வெந்நீரைத் தாங்கும் சிபிவிசி. வெந்நீர் சேரும் பீப்பாயின் அடிப்பகுதி, தகட்டின் மேல்விளிம்பைவிட ஓரடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. இல்லாவிட்டால் இரவில் ஓட்டம் தலைகீழாகி, பகலில் சேர்த்த வெப்பத்தைத் தகடே வானத்துக்குக் கொடுத்துவிடும்.

உண்மையில் நம் ஊரில் வெயிலைப் பிடிப்பது எளிது. விடியும் வரை அதைக் காப்பதே கடினம். மேகமற்ற மார்கழிப் பகலில் மாலைக்குள் 100 லிட்டர் நீர் 48 டிகிரியை எட்டிவிடுகிறது. பீப்பாய் வெறுமனே நின்றபோது, காலையில் அது வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது. தெர்மோகோல் வாங்க நினைத்திருந்தேன். காட்பாடிப் பக்கம் உள்ள அரிசி ஆலையில் உமி மூட்டையாகக் கிடைத்தது. உமிக்குள் அடைபடும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. அதிலுள்ள சிலிக்காவால் உமி சீக்கிரம் மக்குவதுமில்லை. பீப்பாயைப் பெரிய தகர டிரம்முக்குள் இறக்கி, இடைவெளியில் இரண்டு அங்குலத்துக்கு உமியைக் குத்தி நிரப்பி, மழைநீர் இறங்காதபடி மூடியை அடைத்தேன். இப்போது காலை ஐந்தரை மணிக்கு 42 டிகிரி இருக்கிறது. அம்மா இந்த நீரில் பச்சைத் தண்ணீர் கலந்துதான் குளிக்கிறார்.

வடகிழக்குப் பருவமழையில் வானம் மூடிக்கிடக்கும் நாட்களில் 30 டிகிரியைத் தாண்டுவதில்லை. அப்போதும் இந்த நீரே கீசருக்குள் செல்வதால், அது பாதி வேலையைத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. சித்திரை, வைகாசியில் தகட்டைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவேன். அக்னி நட்சத்திரத்தில் மாடித் தொட்டி நீரே பிற்பகலில் கையைச் சுடும்.

இனிக் கவனிக்க வேண்டியது உப்புப் படிவு. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது; சூடேறும்போது அதிலுள்ள கால்சியம் பைகார்பனேட் சிதைந்து சுண்ணமாகப் படிகிறது. வெப்பநிலை உயர உயரப் படிவும் கூடும் என்பதால், கீசரை 60 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் குறைத்திருக்கிறேன். செம்புக் குழாய்களின் கீழ்முனையில் கழற்றக்கூடிய மூடிகளை வைத்திருக்கிறேன். மாசி முடிந்ததும் அவற்றைத் திறந்து, படிவு இருந்தால் சிட்ரிக் அமிலக் கரைசலை நிரப்பி ஊறவிட்டுக் கழுவ வேண்டும்.