வியர்த்த சிலுவையும் ஒரு பிடி மண்ணும்

பரங்கிமலை ஏறக்குறைய 300 அடி உயரம்தான். வேலூரைச் சுற்றி நிற்கும் மொட்டைப் பாறை மலைகளை நாள்தோறும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது ஒரு மேடு. "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று என் அத்தை அடிவாரத்தில் நின்று கேட்டார். காட்பாடியில் விடியலில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவில் பரங்கிமலை நிலையம் வரை வந்திருந்தோம். அத்தையின் மருமகளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அவருக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று, இயேசுவின் சீடர் தோமையாரின் பெயரால் தோமையார் மலை என்றும் வழங்கும் இந்த மலையின் மாதாவிடம் அத்தை நேர்ந்துகொண்டிருந்தார்.

அத்தை சேத்துப்பட்டுக்காரர். பழைய வட ஆற்காட்டின் அந்தப் பகுதியில் கத்தோலிக்கர் என்றால் லூர்து மாதா கோவிலும், அதை எழுப்பிய தாராஸ் சாமியாரும் நினைவுக்கு வராமல் இருக்கமாட்டார்கள். தோமையார் என்ற பெயரோ அங்கே முதலில் ஆஸ்பத்திரியைத்தான் குறிக்கும். அத்தைக்கும் அப்படித்தான், அந்தப் பெயருக்குரியவர் உயிர்விட்டதாகச் சொல்லப்படும் இடத்தை அறுபத்தைந்து வயதில் முதன்முறையாகப் பார்க்க வந்திருந்தார்.

வாகனம் மேலே செல்லப் பாதை இருந்தும், படியேறித்தான் போக வேண்டும் என்று அத்தை பிடிவாதம் பிடித்தார். இந்தப் படிகளைக் கட்டிக்கொடுத்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-இல் மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் அவரே. மயிலாப்பூர்ப் பக்கமிருந்து மலைக்கு வரும் யாத்திரிகர்கள் மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்க முடியாமல் தவித்ததைப் பார்த்து மனமிரங்கினார் என்பார்கள். 1751-இல் இறந்த அவரது உடலை வேப்பேரியில் அடக்கம் செய்துவிட்டு, இதயத்தை மட்டும் ஒரு பேழையில் வைத்துப் பாரசீகத்திலுள்ள சொந்த ஊரான ஜூல்பாவுக்கு அனுப்பினார்கள். சிலுவைப்பாதையின் தலங்கள்தோறும் நின்று ஜெபித்து, இடையிடையே மூச்சு வாங்கியபடி ஏறிய அத்தைக்கு இதைச் சொன்னபோது, "உடம்பு பொழச்ச ஊருக்கு, மனசு பொறந்த ஊருக்கு" என்றார்.

மலையின் பெயரிலேயே இரண்டு கதைகள் இருக்கின்றன. பறங்கியர் குடியேறியதால் பறங்கிமலை என்பது ஒன்று. பிருங்கி முனிவர் தவம் செய்ததால் பிருங்கிமலை என்பது மற்றொன்று; மலையை அடுத்த ஆதம்பாக்கத்து நந்தீசுவரர் கோவிலில் அந்த வரலாற்றை இன்றும் சொல்கிறார்கள். இரண்டில் எது முந்தியது என்று வழக்காடுவதில் எனக்கு விருப்பமில்லை. தவத்துக்கு ஏற்ற இடம் என்று இரு தரப்பும் இந்தக் குன்றைத் தேர்ந்தெடுத்திருப்பதே எனக்குப் போதும்.

கி.பி. 52-இல் கேரளக் கரையில் இறங்கிய தோமையார், பின்னர் மயிலாப்பூருக்கு வந்து போதித்தார் என்பதும், எதிரிகளுக்குத் தப்பிச் சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்தார் என்பதும், கி.பி. 72-இல் இந்தக் குன்றின்மேல் ஜெபித்துக்கொண்டிருந்தபோது ஈட்டியால் குத்தப்பட்டார் என்பதும் மரபு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைப் பக்கம் வந்த மார்க்கோ போலோ வேறு விதமாக எழுதிவைத்திருக்கிறார்: மயில் வேட்டையாடிய ஒருவன் எய்த அம்பு, மரங்களுக்கிடையே ஜெபித்துக்கொண்டிருந்த அப்போஸ்தலர்மேல் தவறிப் பாய்ந்துவிட்டதாம். எதிரியே இல்லாத அந்த மரணம் எனக்கு ஈட்டிக் கதையைவிட அதிகத் துக்கத்தைத் தருகிறது. அவர் இறந்த இடத்துச் செம்மண்ணை யாத்திரிகர்கள் எடுத்துப் போவார்கள் என்றும், அதை நீரில் கரைத்துக் குடித்தால் காய்ச்சல் தீரும் என்று நம்பினார்கள் என்றும் மார்க்கோ போலோ குறித்திருக்கிறார்.

மேலே கோவில் சிறியது. பசிலிக்காவின் பிரமாண்டத்தை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். ஆனால் நடுப்பீடத்தின் பின்சுவரில் பதித்திருக்கும் கற்சிலுவையின் முன்னால் முழந்தாள்படியிட்ட பிறகு வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை. போர்த்துக்கீசியர் 1547-இல் கோவிலுக்கு அடித்தளம் தோண்டியபோது கிடைத்த கல் அது. சிலுவையின் நான்கு முனைகளும் மொட்டுப் போல விரிந்திருக்கின்றன. உச்சியில் ஒரு புறா தலைகீழாக இறங்குகிறது. சுற்றிவரும் வளைவில் நமக்குப் பழக்கமில்லாத எழுத்துகள் ஓடுகின்றன. அந்தக் காலத்தில் பண்டிதர் ஒருவரை அழைத்துப் படிக்கச் சொன்னபோது, அவர் தோமையாரின் வரலாறு முழுவதையும் அந்தச் சில எழுத்துகளிலிருந்தே விரித்துச் சொல்லிவிட்டாராம். 1873-இல்தான் பர்னெல் என்ற அறிஞர் அது பழம்பாரசீகத்தின் பகலவி எழுத்து என்று காட்டினார். வாசகத்தின் பொருளில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை; கல் ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்பதே பொதுவான கருத்து. அப்படியானால் இதைத் தோமையாரே தம் கையால் செதுக்கினார் என்ற பழைய நம்பிக்கை நிற்காது. ஆனால் போர்த்துக்கீசியருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இம்மலையில் கிறிஸ்தவர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள் என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி. எனக்கு இந்த உண்மை அந்தப் புராணத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

1558 டிசம்பர் 18 அன்று, திருப்பலி நடந்துகொண்டிருந்தபோது, இந்தச் சிலுவை கறுத்து, பிறகு நீரும் இரத்தமுமாக வியர்த்தது என்று அக்காலத்துக் குறிப்புகள் சொல்கின்றன. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அதே நாளில் வியர்த்ததாகவும், 1704-க்குப் பின் நின்றுவிட்டதாகவும் மரபு. அந்த நாள் பேறுகாலத்தை எதிர்நோக்கியிருக்கும் மாதாவின் திருநாள். இக்கோவிலே அந்த மாதாவுக்கு உரியது என்பதால்தான் கருவுற்றவர்களுக்காக இங்கே வேண்டிக்கொள்கிறார்கள். நற்செய்தி எழுதிய லூக்கா வரைந்தது என்றும், தோமையார் தம்மோடு கொண்டுவந்தது என்றும் சொல்லப்படும் பழைய மாதா படத்தின் முன்னால் அத்தை வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வண்ணம் மங்கிய அந்த முகத்தைப் பார்த்து அவர் ஜெபம் சொல்லவில்லை. மருமகளுக்குக் கால் வீங்கியிருப்பதையும், இரவில் தூக்கம் வராததையும் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போஸ்தலரின் சிறு எலும்புத் துண்டையும் அங்கே வணக்கத்துக்கு வைத்திருக்கிறார்கள். உயிர்த்தெழுந்த இயேசுவின் காயங்களில் விரலை விட்டாலொழிய நம்பமாட்டேன் என்றவருடைய எலும்பைத் தொட்டுக் கும்பிட ஒரு வரிசை நின்றது, நானும் நின்றேன். 1986 பிப்ரவரியில் போப் இரண்டாம் ஜான் பால் இந்த மலைக்கு வந்து ஜெபித்திருக்கிறார்.

வெளியே வந்தபோது விமான நிலையத்தின் ஓடுபாதை முழுவதும் கண்ணில் பட்டது. அத்தை அதைப் பார்க்கவில்லை. படியிறங்கும் வழியில், ஒரு மரத்தடியில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, கல்லையும் சருகையும் விரலால் பொறுக்கி எறிந்துவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டார். மார்க்கோ போலோவைப் பற்றி நான் அதுவரை அவரிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. எதற்கு என்று கேட்டேன். "எங்க ஆயா வேளாங்கண்ணி போனாலும் மண்ணு எடுத்துட்டு வரும்" என்றார். காட்பாடி வரும்வரை அந்த முடிச்சு அவர் மடியிலேயே இருந்தது.