கேள்வித்தாளைக் கீழே வைத்த பிறகு

2018ல் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது நான் எழுதிக் கொடுத்த தலைப்பு ‘தமிழகத்தில் சமுதாய வானொலிகளின் சமூகத் தாக்கம்’. ஒரு பகுதி மக்களுக்காகவே நடத்தப்படும் சிறு வானொலிகளைத்தான் சமுதாய வானொலி என்கிறோம். நெறியாளர் படித்துவிட்டு, “எந்த வானொலி, யார் கேட்கிறாங்க, எதுக்குக் கேட்கிறாங்க?” என்றார். என்னிடம் பதில் இல்லை. ஆய்வுக்கு முன் படிக்க வேண்டிய பாடங்கள், அதாவது கோர்ஸ் ஒர்க், நடந்த ஆறு மாதமும் அந்த மூன்று கேள்விகளோடுதான் கழிந்தது.

அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995ல் சொன்னது, 2004ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் வளாக வானொலி தொடங்கியது, 2006ல் தொண்டு நிறுவனங்களுக்கும் வானொலி நடத்த அனுமதி கிடைத்தது என்று வரலாற்றைப் படித்துக்கொண்டே போய், கடைசியில் பாம்பனில் வந்து நின்றேன். மீனவர்களுக்காகவே 2016 முதல் ஒலிக்கிறது கடல் ஓசை 90.4. ‘பாம்பன் மீனவர்கள் வானிலைச் செய்தியை வானொலியில் எப்படிக் கேட்கிறார்கள்’ என்று தலைப்பு சுருங்கியது. ஒரு மாநிலம் ஒரு தீவாகிவிட்டதே என்று அன்று வருந்தினேன். அந்தச் சுருக்கம்தான் என்னைக் கரை சேர்த்தது.

முதல் களப்பணிக்கு 2019 ஏப்ரல் கடைசியைத் தேர்ந்தெடுத்தேன். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. எல்லோரும் ஓய்வாக இருப்பார்கள் என்பது என் கணக்கு. விசைப்படகில் போகிறவர்கள் பலர் கேரளப் பக்கம் வேலைக்குப் போயிருந்தார்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லாததால் அவர்கள் கடலில் இருந்தார்கள். பத்து நாளில் பதினெட்டுக் கேள்வித்தாள்கள்தான் நிரம்பின.

நிரம்பியவையும் உதவவில்லை. ‘வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கேட்பீர்கள்?’ என்றால், “அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்மா.” ‘வானிலைச் செய்தி எந்த அளவுக்குப் பயனுள்ளது, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண்?’ என்றால், வந்த பிள்ளை மனம் நோகக்கூடாதே என்று ஐந்து போட்டார்கள். எல்லாரும் ஐந்து. அன்று இரவு நெறியாளருக்குப் போன் செய்து அழுதேன். “பேப்பரை பைக்குள்ள வை. காலைல அவங்க கேட்கிறப்ப நீயும் கூட உக்காந்து கேளு” என்றார்.

மறுபடியும் போனேன். விடிவதற்கு முன் கரையில் டீக்கடை பக்கம், வலைகளுக்கு நடுவே. தென்மேற்கிலிருந்து பலத்த காற்று என்று வானொலி சொன்னதும் பெரியவர் ஒருவர், “கச்சான்தான். தென்கடல் ஆகாது, வடகடலுக்குப் போங்கடா” என்றார். மன்னார் வளைகுடா அவர்களுக்குத் தென்கடல். பாக் நீரிணைப் பக்கம் வடகடல். கச்சான் அடித்தால் தெற்கே கொந்தளிக்கும், வடக்கே அடங்கியிருக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழ். வானொலி தந்த திசையை ஒரு நொடியில் காற்றின் பேராகவும், பேரைக் கடலாகவும், கடலை அன்றைய வலையாகவும் மாற்றிக்கொள்கிறார்கள். என் ஆய்வே அந்த ஒரு நொடிதான் என்று அப்போது புரிந்தது. ஐந்துக்கு எத்தனை என்ற கேள்விக்குள் அது அகப்படவே அகப்படாது.

2020ல் கொரோனா வந்தது. கரைக்குப் போக முடியவில்லை. ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் வேலை அந்த மாதங்களில் முடிந்தது; ஒரு மணி நேரப் பேச்சுக்கு எனக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். 2021ல் மகள் பிறந்தாள். முனைவர் பட்ட மாணவிகளுக்கு யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி 240 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு, காலக்கெடுவிலும் பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் உண்டு. இதை எனக்கு அலுவலகத்தில் யாரும் சொல்லவில்லை. விதிகளை நானே அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் வாங்கினேன். பதிவு செய்த நாளிலேயே அந்த விதிகளை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

ஆய்விலிருந்து எழுதிய கட்டுரை இரண்டு ஆய்விதழ்களிலிருந்து திரும்பி வந்து மூன்றாவதில் வெளியானது. ஆய்வேட்டில் பிறர் எழுத்து எவ்வளவு அப்படியே இருக்கிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில், முந்தைய ஆய்வுகளைத் தொகுக்கும் இலக்கிய மீளாய்வு இயல் மட்டும் 17 சதவீதம் காட்டியது. பத்துக்குள் இருக்க வேண்டும். அரசின் கொள்கை வாசகங்களை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். என் சொந்த வாக்கியங்களில் எழுத ஒரு மாதம் ஆனது. அந்த இயலை நானே புரிந்துகொண்டது அப்போதுதான்.

2024 தொடக்கத்தில் வாய்மொழித் தேர்வு. புறத்தேர்வாளர் ஆங்கில ஆய்வேட்டைப் புரட்டி, “கச்சான், கொண்டல், வாடை, சோழகம் எல்லாவற்றையும் மொழிபெயர்க்காமல் ஏன் விட்டீர்கள்?” என்று கேட்டார். மேற்கு, கிழக்கு, வடக்கு, தெற்கு என்று எழுதினால் திசை மட்டும் வரும். எந்தக் கடலுக்குப் போகலாம், எந்த வலையை எடுக்கலாம் என்பது வராது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், அப்படியென்றால் பின்னிணைப்பாக ஒரு சொல்லடைவு சேருங்கள் என்றார்.

அதற்காக மறுபடியும் பாம்பனுக்குப் போன் செய்தேன். ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுச் சரிபார்க்க இரண்டு வாரம் பிடித்தது. ஆய்வேடு இப்போது இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் இருக்கிறது. திறப்பவர்கள் முதலில் அந்தக் கடைசி நான்கு பக்கங்களைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.