பதரும் மணியும்

பெங்களூர் மல்லேஸ்வரத்துக்குக் குடிவந்து பதினெட்டு வருடம் ஆகிறது. கன்னடத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றது போன வருடம்தான். முதலில் முழுதாகப் படித்து முடித்தது டி.பி. கைலாசத்தின் 'டொள்ளு கட்டி' என்ற நாடகம். நம் தமிழில் பதரும் மணியும் என்று சொல்லலாம்.

கைலாசம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. லண்டன் சென்று நிலவியல் (ஜியாலஜி) படித்தவர், அரசு வேலையை உதறிவிட்டுக் கன்னட நாடகத்துக்கு வந்தார். மேடையில் அப்போது ராஜாக்களும் தேவர்களும் பாடிக்கொண்டிருந்தார்கள். இவர் நடுத்தர வீட்டுக் கூடத்தையே மேடையேற்றினார். பாதி ஆங்கிலம், பாதி கன்னடம் என்று அந்த வீட்டார் பேசும் பேச்சையும் சேர்த்து.

நாடகம் 1918-இல் வந்தது. மைசூர்ப் பல்கலைக்கழகம் தொடங்கி இரண்டே ஆண்டு. படிப்பு, பட்டம், உத்தியோகம் என்று ஊரே ஓடத் தொடங்கிய காலம் அது. நாடகத்தில், மனப்பாடம் செய்து மார்க் வாங்குகிற புட்டு என்ற பையன் ஒரு பக்கம், படிப்பு ஏறாத மாது இன்னொரு பக்கம். ஆபத்து வரும்போது வீட்டுக்குத் தோள் கொடுப்பவன் மாது. அந்த ஓட்டத்தைத் தொடக்கத்திலேயே ஒருவர் இவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்கிறாரே என்று மலைத்துப்போனேன்.

படித்து முடித்த இரவு, ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த மகளின் மதிப்பெண் அட்டையை எடுத்து இழுப்பறையில் வைத்தேன். காலையில் அந்த இடத்தில் அவளே ஒரு யானைப் படத்தை ஒட்டியிருந்தாள்.