சான்டா ரோசாவில் ஒரு நாயைப் பார்க்கப் போனேன்

சான் பிரான்சிஸ்கோவில் நான்காவது நாள் எங்கே போகப் போகிறாய் என்று நண்பன் கேட்டான். "ஒரு நாயைப் பார்க்கப் போறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எந்த ஊர்ல?" என்று மட்டும் கேட்டான்.

ஊர் சான்டா ரோசா. வடக்கே சுமார் 90 கிலோமீட்டர். 'பீனட்ஸ்' காமிக்ஸ் தொடரில் வரும் ஸ்னூபி என்ற நாயை வரைந்த சார்ல்ஸ் ஷுல்ட்ஸ் கடைசிவரை வாழ்ந்த ஊர். அவர் பெயரில் அங்கே ஓர் அருங்காட்சியகம் 2002ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. நான் முதலில் குறித்து வைத்திருந்தது செவ்வாய்க்கிழமை. அந்தப் பருவத்தில் செவ்வாய் விடுமுறை என்பதை நல்லவேளை முதல்நாள் இரவே பார்த்துவிட்டேன். ஆக, புதன்கிழமை.

கார் இருந்தால் 101ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் போதும். நான் ஃபெரி பில்டிங்கில் படகேறி லார்க்ஸ்பர் போய், அங்கிருந்து ஸ்மார்ட் ரயிலைப் பிடித்தேன். படகுத்துறைக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே கொஞ்சம் நடக்க வேண்டும். நேரத்தை ஒட்டி வைத்துக்கொண்டால் ஓட வேண்டும். நான் ஓடினேன். சான்டா ரோசா நார்த் நிலையத்தில் இறங்கி, மறுபடியும் நடை.

உள்ளே நுழைந்ததும் ஒரு சுவர் முழுக்க, தொடரில் வரும் லூசி என்ற சிறுமி பந்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், ஸ்னூபியை வளர்க்கும் பையன் சார்லி பிரவுன் உதைக்க ஓடி வருகிறான். கிட்டப் போனால் படம் காணாமல் போகிறது. மொத்தம் 3,588 பீங்கான் ஓடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு நாளின் காமிக் ஸ்ட்ரிப். யோஷிடெரு ஓடானி என்ற ஜப்பானியக் கலைஞரின் வேலை. நான் பத்து ஓடுகள் படித்தேன், பிறகு கழுத்து வலித்தது.

கதை ஆரம்பிப்பது ஒரு நிஜ நாயிடம். ஷுல்ட்ஸ் பையனாக இருந்தபோது வீட்டில் ஸ்பைக் என்ற கறுப்பு வெள்ளை நாய் இருந்தது. குண்டூசி, ஆணி, பிளேடு என்று கிடைத்ததையெல்லாம் விழுங்கும். அதைப் படமாக வரைந்து விசித்திரச் செய்திகளைப் போடும் ரிப்ளியின் 'நம்பினால் நம்புங்கள்' என்ற பத்திரிகைப் பகுதிக்கு அனுப்ப, 1937இல் அது அச்சாகிவிட்டது. அப்போது அவருக்கு வயது 14. அச்சில் வந்த அவருடைய முதல் படமே ஒரு நாய்தான்.

பீனட்ஸ் தொடர் 1950 அக்டோபர் 2 அன்று ஏழே ஏழு செய்தித்தாள்களில் தொடங்கியது. வேர்க்கடலைக்கும் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விநியோக நிறுவனம் வைத்த அந்தப் பெயர் ஷுல்ட்ஸுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. நாய் வந்தது அக்டோபர் 4இல், பெயர் கிடைத்தது நவம்பரில். முதலில் ஸ்னிஃபி என்று வைக்கத்தான் நினைத்திருந்தார். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு காமிக்ஸ் நாய்க்கு இருந்தது. இன்னொரு நாய் வளர்த்தால் ஸ்னூபி என்று வைக்கலாம் என அம்மா எப்போதோ சொன்னது அப்போது நினைவுக்கு வந்திருக்கிறது.

ஆரம்பகால ஸ்னூபியைப் பார்த்தால் அடையாளமே தெரியாது. நாலு காலில் நடக்கும், குரைக்கும், சராசரி பீகிள் குட்டி. 1952இல் அது நினைப்பது நமக்கு எழுத்தில் தெரிய ஆரம்பிக்கிறது. ஐம்பதுகளின் நடுவில் பின்னங்காலில் எழுந்து நிற்கிறது. 1958 டிசம்பரில் கூண்டுக்குள் படுப்பதை விட்டுவிட்டு அதன் கூரை மேல் ஏறிப் படுத்துக்கொள்கிறது. என்னைக் கேட்டால், ஸ்னூபி உண்மையில் பிறந்தது அன்றைக்குத்தான். கூரையின் கூர்முனையில் எந்த நாயும் படுக்க முடியாது. அது முடிந்துவிட்ட பிறகு எதுவும் முடியும். 1965இல் ஸ்னூபியின் கற்பனையில் அதே கூரை முதல் உலகப்போர் விமானமாகிவிட்டது. 1969இல் அதன் மேல் ஒரு தட்டச்சுப்பொறி வந்து உட்கார்ந்தது.

அந்தக் கூண்டின் உட்புறத்தை நமக்குக் காட்டுவதே இல்லை. உள்ளே வான் கோ ஓவியம் இருக்கிறது என்று பேச்சு மட்டும் வரும். 1966இல் கூண்டு எரிந்து ஓவியமும் போய்விட்டது என்று ஒரு கதை. அதைப் படித்துவிட்டு 2017 அக்டோபர் காட்டுத்தீயில் ஷுல்ட்ஸின் வீடே எரிந்துபோனதை நினைக்கும்போது என்னவோ போல் இருந்தது. அருங்காட்சியகம் தப்பித்தது.

நிலாப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் எழுதுவதுதான். 1969 மே மாதம் அப்போலோ 10 பயணத்தில் நிலவுக்கு மேலே சுமார் 15 கிலோமீட்டர் வரை இறங்கித் திரும்பிய கலத்தின் பெயர் ஸ்னூபி. தாய்க்கலம் சார்லி பிரவுன். நாசாவில் இன்றைக்கும் நன்றாக வேலை செய்தவர்களுக்கு விண்வெளி வீரர்கள் கையால் வெள்ளி ஸ்னூபி குத்தூசி தருகிறார்கள். 2022இல் நிலவுக்குப் போன நாசாவின் ஆர்ட்டெமிஸ் 1 கலத்துக்குள் ஒரு ஸ்னூபி பொம்மை ஆரஞ்சு உடையில் மிதந்தது.

மாடியில் அவருடைய வேலை அறையை அப்படியே திரும்ப அமைத்திருக்கிறார்கள். புத்தக அலமாரி, நாற்காலி, வரையும் பலகை. நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். 17,897 ஸ்ட்ரிப். உதவியாளர் யாரும் கிடையாது; பென்சில், மை, எழுத்து எல்லாம் ஒரே கை. ஒரு கட்டத்தில் 2,600 பத்திரிகைகளில், 75 நாடுகளில் வந்துகொண்டிருந்த ஒரு தொடருக்கு இது கொஞ்சம் பைத்தியக்காரத்தனம்.

மூலப்படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் ஒன்று கண்ணில் படும். அறுபதுகளில் கோடு ஒரே இழுப்பில் ஓடுகிறது. எண்பதுகளுக்குப் பிறகு ஸ்னூபியின் முதுகு லேசாக அலைகிறது. அவருக்கு முதுமையில் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. வேறு ஆளை வைத்து அந்தக் கோட்டை நேராக்கியிருக்கலாம், செய்யவில்லை. நானோ அந்த அலையும் கோட்டைச் சிறுவயதில் நாயின் ரோமம் என்றே நினைத்திருந்தேன். அச்சில் பார்த்தபோது ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

ஷுல்ட்ஸ் இறந்தது 2000 பிப்ரவரி 12 இரவு. அவர் விடைபெறும் கடைசி ஞாயிறு ஸ்ட்ரிப் மறுநாள் காலைப் பத்திரிகையில் வந்தது. தனக்குப் பின் வேறு யாரும் இந்தத் தொடரை வரையக் கூடாது என்பது அவர் விருப்பம். இன்று பத்திரிகைகளில் வருவது பழையதுதான். புதிதாக ஒன்றும் வராமலே நாய் போர்வை, சட்டை, கைபேசி ஸ்டிக்கர் என்று எல்லா இடத்திலும் படுத்திருக்கிறது. கீழே கடையில் நின்ற பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் தொடரைப் படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. அது ஆடும் ஆட்டம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாத நாய்; மொழிபெயர்க்க வேண்டிய அவசியமும் குறைவு.

சாலையைக் கடந்தால் பனிச்சறுக்கு அரங்கம். அதுவும் ஷுல்ட்ஸ் கட்டியது, 1969இல். ஐஸ் ஹாக்கிப் பிரியர். அரங்கத்தை ஒட்டிய 'வார்ம் பப்பி' காபிக் கடையில்தான் தினமும் காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு எல்லாம். ஜன்னலோரம் அவர் உட்கார்ந்த மேசையை இன்னும் யாருக்கும் தராமல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கடையில் கூட்டம், மற்ற மேசைகள் எல்லாம் நிரம்பியிருந்தன, அது மட்டும் காலி.

பக்கத்து மேசை கிடைக்கும்வரை காபியோடு நின்றேன். அங்கிருந்து பார்த்தால் பனித்தளம் முழுவதும் தெரிகிறது. ஒரு குழந்தை விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தது. இரண்டாவது காபி வாங்கினேன். ரயிலை விட்டுவிட்டேன், அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.