வெப்பக் கதிர்வீச்சு: எஸ்.டி.பி.எம். எழுதும் தம்பி தங்கைகளுக்கு

மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முன் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வின் இயற்பியலில் முதல் தவணையின் கடைசிப் பகுதி வெப்பப் பரிமாற்றம். தேர்வு நெருங்கும் பரபரப்பில் பலர் கதிர்வீச்சை ஒற்றைச் சூத்திரமாக மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு இந்தப் பகுதி பிடிபட்டது சூத்திரத்தால் அல்ல, பினாங்கில் கண்ணெதிரே இருந்தவற்றால்தான்.

கர்னி டிரைவில் சாத்தே (குச்சியில் கோத்த இறைச்சி) சுடும் அடுப்புக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். சூடான காற்று மேலே போய்விடுகிறது. காற்று வெப்பத்தை நன்றாகக் கடத்துவதும் இல்லை. ஆனாலும் முகம் சுடுகிறது. நடுவில் ஓர் அட்டையைப் பிடித்தால் அந்தச் சூடு சட்டென்று நின்றுவிடும். கனலும் கரியிலிருந்து நேர்கோட்டில் வருபவை பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர்கள். அவற்றுக்கு ஊடகம் தேவையில்லை.

இயற்பியலாளர் ஸ்டெஃபான் 1879-இல் அளவீடுகளிலிருந்து கண்ட விதியை, அவருடைய மாணவர் போல்ட்ஸ்மான் 1884-இல் கோட்பாட்டின்வழி நிறுவினார். உமிழப்படும் ஆற்றல் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இங்கே செல்சியஸை அப்படியே போட்டால் கணக்கு முழுவதும் பாழ். 27 பாகை 54 ஆனால் உமிழ்வு 16 மடங்கு ஆவதில்லை. 300 கெல்வின் 327 ஆகிறது, உமிழ்வு ஏறத்தாழ 1.41 மடங்குதான்.

எந்தப் பொருளும் உமிழ்ந்துகொண்டே சுற்றுப்புறத்திலிருந்து வாங்கிக்கொண்டும் இருக்கிறது என்பதை மனத்தில் ஆழப் பதியுங்கள். 33 பாகைத் தோலைக் கரும்பொருளாக (விழும் கதிர் முழுவதையும் உட்கொண்டு, அந்த வெப்பநிலையில் முடிந்த அளவு உமிழும் பொருளாக) கொண்டால், அது சதுர மீட்டருக்குச் சுமார் 497 வாட் உமிழும். 27 பாகை அறைச் சுவர்கள் 459 வாட்டைத் திருப்பித் தருகின்றன. நிகர இழப்பு வெறும் 38 வாட். கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள், பிறகு மறக்காது.

நம் வரிசை வீடுகளில் ஓட்டுக்கு அடியில் விரிக்கும் அலுமினியத் தாள் அருமையான எடுத்துக்காட்டு. அது கதிரைத் திருப்பியனுப்புகிறது என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான். பளபளப்பான பரப்பு மோசமான உமிழியும்கூட. ஆகவே தாள் சூடானாலும் அதன் கீழ்ப்புறம் அறைக்குள் குறைவாகவே கதிர்வீசும். ஒரு நிபந்தனை: பளபளப்பான பக்கத்தை ஒட்டிக் காற்று இடைவெளி வேண்டும். கூரைப்பலகையோடு ஒட்டிவிட்டால் வெப்பம் கடத்தலால் இறங்கிவிடும்.

கேள்வியில் சுற்றுப்புற வெப்பநிலை தரப்பட்டிருந்தால் அதை அடிக்கோடிடுங்கள். கேட்பது நிகர இழப்பா, உமிழ்வு மட்டுமா என்று பார்த்த பிறகு எண்களைப் போடுங்கள். நிகரம் என்றால் இரண்டு வெப்பநிலைகளையும் தனித்தனியே நான்காம் அடுக்குக்கு உயர்த்திவிட்டுத்தான் கழிக்க வேண்டும்.