இசைத்தட்டில் ஒட்டிய அடைமொழி

மூன்று நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலாக ஓடும் அந்தப் பதிவில் ஒரு சொல்கூட இல்லை. கிட்டார் ஓர் அடியைத் தொடங்குகிறது; ஒரு மனிதர் வாயை முழுதாகத் திறக்காமல், தொண்டையிலேயே முனகி அதை முடித்து வைக்கிறார். கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஜெபித்த இரவைப் பற்றிய, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்த ஆங்கிலக் கீர்த்தனை ஒன்றின் முதலடியே இதற்குத் தலைப்பாயிற்று: 'டார்க் வாஸ் த நைட், கோல்ட் வாஸ் த கிரவுண்ட்'. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாப்டிஸ்ட் சபைகளில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, சபையார் அதை இழுத்து இழுத்துப் பாடும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. இந்தப் பதிவில் அடியெடுத்துக் கொடுப்பவரும் சபையும் ஒருவரே.

அவர் பெயர் வில்லி ஜான்சன். இசைத்தட்டின் வட்டச் சீட்டில் அச்சான பெயரோ 'பிளைண்ட் வில்லி ஜான்சன்'. லெமன் ஜெஃபர்சன், பிளேக், மெக்டெல் என அக்காலத்துப் பார்வையற்ற கறுப்பினப் பாடகர்கள் பலருக்கும் இதே அடைமொழிதான். பருத்திக் காட்டு வேலை கிடைக்காத ஒருவருக்குத் தெருமுனையும் தேவாலயமும்தான் பிழைப்பு என்றிருந்த நிலையில், குறைபாடே விளம்பரப் பலகையாகவும் ஆகிவிட்டது. நான் அவரை ஜான்சன் என்றே எழுதுகிறேன்.

1897இல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த அவருக்குப் பிறவியில் பார்வை இருந்தது. தந்தைக்கும் சிற்றன்னைக்கும் மூண்ட சண்டையில் சிற்றன்னை வீசிய, தோலை அரிக்கும் காரக் கரைசல் சிறுவனின் கண்களில் பட்டதாகப் பிற்காலத்தில் அவருடைய மனைவி ஏஞ்சலின் கூறினார். அப்போது வயது ஏழு இருக்கலாம். அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் கேட்க வேண்டியது அவருடைய கையை.

கிட்டாரின் தந்திகளை, அழுத்தாமல் மீட்டினாலே ஒரு முழுச் சுரக்கட்டு, அதாவது ஒன்றோடொன்று இசையும் சில சுரங்கள் சேர்ந்து, ஒலிக்கும்படி அவர் சுருதி கூட்டிக்கொள்வார். வலது கைக் கட்டைவிரல் அடித்தந்தியில் நடையை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, இடது கையில் உள்ள கடினமான பொருள் மேல்தந்தியின்மீது வழுக்கிச் செல்லும். அது பேனாக்கத்தியா, உடைந்த பாட்டிலின் கழுத்தா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. நம் கோட்டுவாத்தியத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாக இராது. கட்டைகளுக்கு இடைப்பட்ட சுரங்களையெல்லாம் தொட்டுத் தடவி, நெஞ்சுக்கு நெருக்கமாக வந்து நிற்கும் அதே வழுக்கல்தான். பல பாடல்களில் ஓரடியின் கடைசிச் சொல்லை அவர் பாடாமலேயே விட்டுவிடுவார். அந்தச் சொல்லைக் கிட்டார் சொல்லி முடிக்கும்.

குரலும் இரண்டு உண்டு. ஒன்று இயல்பான, மென்மையான குரல். மற்றொன்று கரகரத்து உறுமும் குரல். ஒலிபெருக்கி இல்லாத தெருவில் வண்டிச் சத்தத்தை மீறி நற்செய்தி சொல்ல வேண்டிய ஒருவர் வேறு எப்படிப் பாடியிருப்பார் என்று எண்ணிக்கொள்வேன்.

1927 டிசம்பர் 3 அன்று டல்லாஸ் நகரில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஒரே நாளில் ஆறு பாடல்களைப் பதிந்தார். மேலே சொன்ன சொல்லற்ற பாடலும் அவற்றில் ஒன்று. 1930 ஏப்ரலில் அட்லாண்டாவில் நடந்த கடைசிப் பதிவு வரை மொத்தம் 30 பாடல்கள். பிறகு பொருளாதாரப் பெருமந்தம் இசைத்தட்டு வணிகத்தையே முடக்கிவிட, ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அவர் திரும்பவே இல்லை. அந்தப் பாடல்கள் சிலவற்றில் அவருடைய கரகரப்புக்குப் பின்னாலிருந்து இனிமையாக எதிர்பாட்டுப் பாடும் பெண் ஏஞ்சலின்தான் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பாடியவர் வில்லி பி. ஹாரிஸ் என்ற வேறொரு பெண் என்பது 1970களில்தான் தெரியவந்தது. அவருக்கு அடைமொழி இருக்கட்டும், வட்டச் சீட்டில் பெயரே இல்லை.

1977இல் வாயேஜர் விண்கலங்களில், பூமியின் ஒலிகளையும் இசையையும் பதிந்து அனுப்பிய தங்கத்தட்டில் ஜான்சனின் முனகலும் இடம்பெற்றது. அதற்கு முன்னால் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவி, பின்னால் பீத்தோவன். இந்த வரிசையைப் பார்த்து நான் பெருமிதம் கொண்டதுண்டு. ஆனால் தெருவோரப் பாடகர் விண்மீன்களை எட்டினார் என்ற அழகான கதை, அவர் பூமியில் வாழ்ந்த கடைசி ஆண்டுகளைச் சற்று எளிதாகத் தாண்டிப் போய்விடுகிறது.

அந்த ஆண்டுகளை அவர் டெக்சாஸின் போமாண்ட் நகரில் கழித்தார். அங்கு தம் வீட்டிலேயே ஜெபவீடு ஒன்றை நடத்தி, போதித்துப் பாடினார். 1945இல் அந்த வீடு தீக்கிரையானது. போக வேறு இடமில்லாமல், எரிந்த வீட்டுக்குள்ளேயே, நனைந்த படுக்கையின்மீது செய்தித்தாள்களை விரித்து உறங்கியதாக ஏஞ்சலின் கூறினார். அவ்வாண்டு செப்டம்பர் 18 அன்று ஜான்சன் இறந்தார். இறப்புச் சான்றிதழில் மலேரியாக் காய்ச்சல் காரணமாகவும், சிபிலிஸும் பார்வையின்மையும் துணைக் காரணங்களாகவும் குறிக்கப்பட்டுள்ளன. எரிந்த வீடும் ஈரப் படுக்கையும் அந்தப் பட்டியலில் இல்லை.